நூற்றிருபதாம் நாளுக்கு முன்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். அவர்கள் கணவன்மார் அண்ணனும் தம்பியுமாகப் பூட்டு சாவிக் கடை ஒன்றை நடத்திவந்தார்கள். கடை ஒன்றாக இருந்ததால் குடித்தனமும் ஒன்றாகவே இருந்தது. மாமனார் மாமியார் காலமாகி வருடங்கள் ஆகியும் அடுப்பு பிரியவில்லை. இரண்டாவது மாடியில் மூன்று அறை, ஒரு கூடம், ஒரே ஒரு குளியலறை. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவர்கள் வீட்டில் அந்தக் குளியலறைத் தாழ்ப்பாள் மட்டும் என்றைக்கும் சரியாக விழுந்ததில்லை. உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை இருமிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூத்தவள் கூடத்தில் தையல் இயந்திரம் போட்டுத் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுப்பாள். இளையவளுக்குப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சை முன்னால் வைத்து, ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பீங்கான் மாவை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிப் பல் செய்கிற வேலை. வீட்டில் அவள் பெயர் பல்லுக்காரி. "பல்லுக்காரி வந்தாச்சு, எல்லாரும் வாயை மூடுங்க" என்று அண்ணன் தினமும் சொல்வார். தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

கல்யாணமாகி நாலாவது மாதமே இளையவளுக்கு நாள் தள்ளிப்போனது. எல்லாருக்கும் சந்தோஷம். டாக்டர் கணக்கில் ஒன்பது வாரம் முடிந்திருந்தபோது, ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். இருமல் சத்தம் கேட்கவில்லை. மூத்தவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தரையெல்லாம் ரத்தம். இளையவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈரத்தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. போய்ப் படு. இங்க நான் பாத்துக்கிறேன்" என்றாள் மூத்தவள்.

இளையவள் எழுந்து போய்ப் படுத்தாள். தம்பி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சுத்தமாக வெளியேறிவிட்டது என்றார்கள், மத்தியானமே வீடு திரும்பினார்கள். மார்க்கப்படி ஏதாவது செய்ய வேண்டுமா என்று தம்பிக்குக் குழப்பம். பள்ளிவாசல் இமாமுக்குப் போன் போட்டான். இமாம் அந்தப் பள்ளிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, முப்பது வயது இருக்கும். படித்த வேகத்தில் பதிலும் வேகமாக வந்தது.

"டாக்டர் கணக்குல ஒன்பது வாரம்னா, ரெண்டு வாரம் கழிச்சு, கரு உண்டாகி நாப்பத்தொன்பது, அம்பது நாள்தான் இருக்கும். நூத்தி இருபது நாள் ஆனாத்தான் வானத்துலேருந்து மலக்கு வந்து ரூஹை ஊதுவாரு. அதுக்கு முன்னாடி குளிப்பாட்டுறது, கஃபன் துணி சுத்துறது, பேரு வைக்கிறது எதுவும் கிடையாது. ஒண்ணும் செய்ய வேண்டியதில்லைங்க."

சட்டம் அதுதான். இமாம் தவறாக எதுவும் சொல்லவில்லை. தம்பி அதை மனைவிக்கு ஆறுதலாகத்தான் கொண்டுவந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னும் உயிரே ஊதலையாம். ஒண்ணும் செய்ய வேண்டியதில்லையாம்" என்றான்.

அவள் காதில் அது, ஒன்றுமே இல்லையாம் என்று விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "இனிமே இதைப் பத்தி யாரும் எங்கிட்ட பேசக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்பார்கள். யாரும் பேசவில்லை.

நாலாம் நாள் வேலைக்குப் போனாள். மேசையில் ஒரு சிறுவனின் முன்பல் அச்சு காத்துக்கொண்டிருந்தது. பல் வேலை படித்த காலத்தில் பாடப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: கரு ஏழாவது வாரத்தில் இருக்கும்போதே பல்லுக்கான இழை ஈறில் தோன்றத் தொடங்கிவிடும். பரீட்சைக்கு வரும் என்று அன்று அடிக்கோடு போட்டதோடு சரி. இப்போது தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். நாற்பத்தொன்பது நாள் என்றால் சரியாக ஏழு வாரம். லென்ஸில் ஈரம் படிந்தது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அதன்பின் ஏழெட்டு மாதம் கழித்து மூத்தவள் ஒரு நாள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஏதோ தப்பு செய்தவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். எனக்கு நின்னிருக்குடி."

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த முதல் கரு. இளையவள் கட்டிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்க்கா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலமே லேபில் கூடுதல் நேர வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். மாதங்கள் போகப்போக மூத்தவளின் வயிறு தெரியத் தொடங்கியது. தையல் இயந்திரத்துக்கும் வயிற்றுக்கும் இடம் போதாமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு தைத்தாள். இளையவளின் பார்வை வேண்டாம் வேண்டாமென்றாலும் அங்கேயே போய் நிற்கும். சட்டென்று திருப்பிக்கொண்டு மாஷா அல்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாள், மாத்திரை விழுங்குகிற மாதிரி. தன் கண் பட்டுவிடுமோ என்று அவளுக்கே அவள்மேல் பயம்.

இருபத்துமூன்றாம் வாரத்தில் ஒரு புதன்கிழமை, குழந்தை நேற்றிலிருந்து அசையவில்லை என்று மூத்தவள் சொன்னாள். ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டபோதே மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பிறந்தாள். பெண் குழந்தை. அழவில்லை. நர்ஸ் ஒரு சின்னத் துண்டில் சுற்றித் தாயின் நெஞ்சில் வைத்தாள்.

இமாமுக்கு இந்த முறை அண்ணன் போன் செய்தார். பக்கத்தில் நின்ற இளையவளுக்குப் பதில் காதில் விழுந்தது. "நூத்தி இருபது தாண்டி எவ்வளவோ நாளாச்சு. ரூஹ் வந்த பிள்ளை. குளிப்பாட்டணும், கஃபனிடணும், பேரு வைங்க. உயிரோட பிறந்த அடையாளம் இல்லாததால ஜனாஸாத் தொழுகை கிடையாது. ஆனா துஆ செய்வோம், முறையா அடக்குவோம். நான் வர்றேன்."

மூத்தவள் ஆறு வருடமாக மனதுக்குள் வைத்திருந்த பெயரைக் குழந்தையின் காதில் சொன்னாள். பிறகு இளையவளைக் கூப்பிட்டாள்.

"நான் இங்கேருந்து எந்திரிக்க முடியாது. நீ குளிப்பாட்டு."

"நானாக்கா? எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சவங்க வருவாங்க. கூட நில்லு. அரிசி அளவு பல்லைச் செய்யற கை உனக்கு. வேற யார் கையிலயும் குடுக்க எனக்கு மனசில்ல." துண்டின் ஓரத்தை நீவிவிட்டுச் சொன்னாள்: "என் அலமாரியில மேல் தட்டுல வெள்ளைப் பருத்தி இருக்கு. ஒரு முழம் தாராளம். ஓரம் மடிச்சுத் தைச்சுடாதே, கஃபன் துணியைத் தைக்கக் கூடாது."

வேண்டாம் என்று சொல்ல இளையவளுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. இந்தக் கண்ணால்தானே பார்த்தேன், இந்தக் கையால் எப்படித் தொடுவேன் என்பதுதான் அதில் முதல் காரணம். ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினாள்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் இறந்தவர்களின் மையத்தைக் குளிப்பாட்டும் அறை. பார்சல் ஆபீஸில் எடை போட்டு முத்திரை குத்துகிற ஓர் அம்மா வந்திருந்தார். பெண் மையத்து எது வந்தாலும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறவர். அதிகம் பேசமாட்டார். பெரியவர்களுக்கான நீள மேசையின் ஒரு மூலையில் தடிமனான துண்டை விரித்து, அதன்மேல் குழந்தையை வைத்தார். வெந்நீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார்.

"தேய்க்காதீங்கம்மா. தண்ணியை மட்டும் ஊத்துங்க. தோல் இன்னும் தோலாகலை. வலப்பக்கம் முதல்ல. பிஸ்மி சொல்லிக்குங்க."

இளையவள் பிஸ்மி சொன்னாள். முதல் குவளையில் பாதித் தண்ணீர் துண்டில் சிந்தியது. இரண்டாவது சிந்தவில்லை. பல் லேபில் எத்தனையோ வருடமாகப் பழகிய கை, தானாக வேலையைப் பிடித்துக்கொண்டது. விரல் இடுக்குகளில் பஞ்சை நனைத்து ஒற்றினாள். நகங்கள் முளைத்திருந்தன. மூக்கு அண்ணனுடையது, அதில் சந்தேகமே இல்லை. நுனியில் அதே தட்டை. வாய் நூலளவு திறந்திருந்தது. உள்ளே ஈறு தெரிந்தது. அதற்குள் இருபது பால்பற்களும் முளையாக உட்கார்ந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மேல்வரிசைப் பத்து, கீழ்வரிசைப் பத்து.

"அம்மா உன் வழியைப் பாத்துக்கிட்டே இருந்தா" என்று குழந்தையிடம் மெல்லச் சொன்னாள். "சித்தியும்தான் பாத்தேன். மன்னிச்சுக்கடா தங்கம்."

பார்சல் ஆபீஸ் அம்மா கேட்காதது போலப் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார். மூன்று முறை தண்ணீர் ஊற்றி முடித்ததும் துணியை விரித்தார்கள். ஒரு முழத்திலும் பாதி மிச்சம்.

அடக்கத்துக்கு ஆண்கள் போனார்கள். இளையவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் மூத்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தையும் மூக்கையும் பற்றிச் சொன்னாள். "மூக்கு அவரோடதா? ஐயோ பாவம்" என்று மூத்தவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமலேயே அடுப்படி வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க?"

"கபரஸ்தான்ல குழி வெட்டுறவரு அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டாரு. 'போன வருஷம் நீங்களும் உங்க வீட்டம்மாவும் கொண்டுவந்தீங்களே ஒரு சின்னப் பொட்டலம், அதுக்குப் பக்கத்துலயே வெட்டட்டுமா'ன்னாரு. அண்ணன் ஆமான்னாரு."

இளையவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் அண்ணனைக் கேட்டேன். 'அண்ணிகிட்ட கேட்டுக்கோடா'ன்னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சிட்டாரு. அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?"

மறுநாள் மூத்தவள் வீட்டுக்கு வந்தாள். இளையவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். கேள்வியைத் தொண்டையிலேயே வைத்திருந்தாள். அதில் அழுகையும் இருந்தது, கோபமும் இருந்தது. என் பிள்ளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். ஒரு வருடம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை. எப்படி முடிந்தது?

மூன்றாம் நாள் காலையில் கேட்டேவிடுவது என்று முடிவு செய்து அறைக் கதவைத் தள்ளினாள். மூத்தவள் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.

"பால் வந்துடுச்சுடி" என்றாள். "யாருக்குன்னு வந்திருக்கு இது?"

இளையவளின் கேள்வி போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய்க் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்தாள். கல்லாகக் கட்டியிருந்த மார்பில் வைத்து, மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டினாள். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். துணி சூடானதும் மாற்றினாள். மறுபடி மாற்றினாள். ஐந்தாறு முறை மாற்றிய பிறகு இருவரும் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, என்னோடதை எங்க வெச்சே?"

மூத்தவள் மார்க்கட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லிட்டானா உன் புருஷன்?"

"ம்."

"அன்னிக்கு நீ போய்ப் படுத்துட்டே. தண்ணி ஊத்திக் கழுவணும்னு குவளையை எடுத்தேன். ஊத்த முடியலடி. முட்டைக்குள்ள இருக்குமே மெல்லிசா ஒரு தோலு, அந்த மாதிரி ஒரு பை. உள்ள இத்தனூண்டு." சுண்டுவிரலின் முதல் கணுவைக் காட்டினாள். "அதைச் சாக்கடையில எப்படி விடுறது? சோபா உறைக்கு வாங்கின வெள்ளைத் துணியில ஒரு துண்டு வெட்டிச் சுத்தினேன். நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதுக்குள்ள நானும் அவருமா கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டோம். குழி வெட்டுறவரு ஒண்ணும் கேக்கலை. பிள்ளைங்க வரிசையில ஓரமா வெச்சாரு. பிஸ்மி சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள உன் புருஷன் போன் பண்ணிட்டான், ஒண்ணும் செய்ய வேண்டியதில்லைன்னு பதில் வந்துடுச்சு. செய்யக் கூடாததைச் செஞ்சுட்டேனோன்னு பயம். அப்புறம் நீ, யாரும் பேசக் கூடாதுன்னுட்டே. நாள் ஆக ஆக, சொல்ற தைரியம் போயிடுச்சு." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணும் இருக்கு. உனக்கு நாலே மாசத்துல நின்னுதுல்ல. நான் அஞ்சு வருஷமா ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. அன்னிக்கு மிஷினை வேகமா ஓட்டிக்கிட்டு அழுதேன், சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு. அப்புறம் உனக்கு அப்படி ஆச்சு. என் கண்ணுதான் பட்டுடுச்சுன்னு நெனச்சேன். அதான், தண்ணி ஊத்தி விட்டுட்டுப் போக மனசு வரலை."

இளையவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் அதேதான்க்கா நெனச்சேன்."

"எதை?"

"உன் வயித்தைப் பாத்துப் பாத்து... என் கண்ணுதான் உன் பிள்ளையை..." மேலே சொல்ல முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூத்தவள் அவள் கைகளை விலக்கிவிட்டாள்.

"அடிப் பைத்தியமே. அந்தக் கண்ணுல லென்ஸ் மாட்டாம ஊசியில நூல் கோக்கத் தெரியாது உனக்கு. அதுக்கு இவ்வளவு சக்தியா? அப்படி இருந்தா முதல்ல என் இடுப்புச் சதையைக் கரைச்சிருக்கணும் அது."

இளையவளுக்குச் சிரிப்பும் விக்கலும் சேர்ந்து வந்தது. மூத்தவளும் சிரித்தாள், சிரித்தால் மார்பு வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். அப்புறம் இருவரும் வெகு நேரம் அழுதார்கள். அந்த ஒரு வருடத்தில் தனித்தனியாக அழுததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு இமாம் பார்க்க வந்தார். கூடத்தில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டார். மூத்தவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்:

"ஹஜ்ரத், அழுதா பொறுமை போயிடுமா? நன்மை கிடைக்காதா?"

"நபியவங்களே மகன் இறந்தப்ப அழுதாங்கம்மா. கண்ணு அழும், மனசு வருந்தும். அல்லாஹ்வுக்குப் பிடிக்காத வார்த்தை மட்டும் வாயிலேருந்து வரக் கூடாது, அவ்வளவுதான். தாராளமா அழுங்க." டீயைக் கீழே வைத்தார். "சின்ன வயசுல போன பிள்ளைங்க இப்ராஹீம் நபிகிட்ட இருக்காங்கன்னு வருது. குறைஞ்ச மாசத்துல போன பிள்ளை, பொறுமையா இருந்த தாயைத் தொப்புள் கொடியால இழுத்துக்கிட்டு சொர்க்கத்துக்குள்ள போகும்னும் ஒரு ஹதீஸ்ல வருது. அதைக் கேட்டுச் சொல்லி வந்தவங்க, அந்த அறிவிப்பாளர் வரிசையில கொஞ்சம் பலவீனம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஆனா ஆலிம்கள் எல்லாம் சொல்லி வந்திருக்காங்க."

"கொடியாலயா?" என்றாள் மூத்தவள். அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த இளையவள் முன்னால் வந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கணும். என்ன செய்யணும்னு கேக்கலை. போன வருஷம் என்னோடது நாப்பத்தொன்பது நாள். ரூஹ் ஊதலை, தெரியும். நான் கேக்குறது, அது இருக்கா, இல்லையா? நாளைக்கு மறுமையில எல்லாரையும் எழுப்புறப்ப அதையும் எழுப்புவாங்களா? இல்ல, அது வெறும் ரத்தம்தானா?"

வேகமாகப் பதில் சொல்கிற இமாம் இந்த முறை வாயைத் திறந்து, மூடினார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியலைம்மா" என்றார் கடைசியில். "பாத்துட்டு வந்து சொல்றேன். ஒரு வாரம் குடுங்க."

ஒரு வாரம் ஆகவில்லை. நாலாம் நாளே, சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதத்தோடு வந்தார். தனக்குப் பாடம் சொன்ன மூன்று ஆசிரியர்களிடம் கேட்டதாகச் சொன்னார். வீட்டார் நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"ரூஹ் ஊதினதுக்குத்தான் எழுப்புதல் உண்டுன்னு பல பேர் சொல்லியிருக்காங்க. உருவம் கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சிருந்தாலே எழுப்பப்படும்னு சொன்னவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் பெரிய ஆலிம்கள்தான். இதுதான்னு அடிச்சுச் சொல்ல என்கிட்ட எதுவும் இல்லை. சொன்னா பொய்யாயிடும்." காகிதத்தை மடித்தார். "ஆனா ஒண்ணு, உறுதியாத் தெரிஞ்சது. ஒரு முள்ளு குத்தினாக்கூட அதுக்காக அடியானோட பாவத்தை அல்லாஹ் மன்னிக்கிறான். நீங்க பட்டது முள்ளு இல்லை. அந்த வேதனைக்கு நாள் கணக்கு எந்தக் கிதாபுலயும் போடலை."

இளையவள் மடித்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் இமாம். குரல் தணிந்திருந்தது. "அன்னிக்குப் போன்ல சட்டம் கேட்டாங்க, சட்டத்தைச் சொன்னேன். எத்தனை நாளுன்னு கேட்டேனே தவிர, அவங்க எப்படி இருக்காங்கன்னு கேக்கலை. நேர்ல வரவும் இல்லை. மன்னிச்சுடுங்கம்மா."

"நீங்க தப்பா எதுவும் சொல்லலை ஹஜ்ரத்" என்றாள் இளையவள். அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்தது உண்மைதான். தெரியலை என்று அவர் முதல் தடவை சொன்னபோதே அது பாதி போய்விட்டது. மீதியும் இப்போது போனது. "அங்க போய்ப் பாக்கலாமா நாங்க? பொம்பளைங்க?"

"போங்க. சத்தம் போட்டு ஒப்பாரி வைக்காம, ஸலாம் சொல்லி, துஆ கேட்டுட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு விடுமுறை. நால்வரும் கடை வேனில் கிளம்பினார்கள். முன்னால் அண்ணனும் தம்பியும். பின்னால் வெட்டாத சாவிகள் வைத்த பெட்டிகளுக்கும் சாவி வெட்டும் இயந்திரத்துக்கும் இடையில் இரண்டு பெண்கள்.

கபரஸ்தான் வாசலில் குழி வெட்டுகிறவர் பைப்பில் கைகழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டு முன்னால் நடந்தார். வடக்குச் சுவரை ஒட்டிப் பிள்ளைகள் வரிசை. புதிதாக மண் அணைத்த ஒரு சின்ன மேடு. அதன் பக்கத்தில், புல் படர்ந்து, கையகலத்துக்கு ஓர் இடம். தலைமாட்டில் உருண்டையாக ஒரே ஒரு கூழாங்கல்.

"கல்லு நான் வெச்சதும்மா" என்றார் அவர். "தெரியாம மிதிச்சிடக் கூடாது பாருங்க."

மூத்தவள் தன் மகளின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, மண்ணைத் தட்டிச் சமன் செய்தாள், போர்வை சரிசெய்வது போல. இளையவள் புல்லைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை நாளும் குளியலறைத் தரையில்தான் அது அவள் மனதில் கிடந்தது. இப்போது அதற்கு ஒரு சுவர் இருந்தது, வெயில் இருந்தது, பக்கத்தில் பெரியம்மா மகள் இருந்தாள். கையை ஏந்தினாள். என்ன கேட்பது என்று யோசித்தாள். இருக்கிறதா இல்லையா என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை, எப்படியானாலும் உன்னிடமே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள். தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். கல்யாணமாகி இதுவரை அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"போன்ல கேட்டேன், என்ன செய்யணும்னு" என்றான். "ஒண்ணும் வேண்டாம்னதும் அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அது எங்க போச்சுன்னுகூடக் கேக்கத் தோணலையே. நீ தனியாவே இருந்திருக்கே."

அவள் அவன் பக்கத்தில் போய்க் குந்தினாள். அவன் முதுகில் கையை வைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவும் இல்லை.

திரும்பும் வழியில் பெரிய சாலை வந்து வண்டி வேகம் எடுத்ததும் மூத்தவள் இளையவளின் காதருகே சாய்ந்தாள்.

"அந்தக் கொடி விஷயம்."

"எந்தக் கொடி?"

"அதான்டி, இமாம் சொன்னாரே. அவ வந்து என்னை இழுத்துக்கிட்டுப் போவாளாம்ல. அப்ப நீ என் பக்கத்துலயே நில்லு. அவ இழுக்க ஆரம்பிச்சதும் நான் உன் கையைப் பிடிச்சுக்கிறேன். உன்னோடது வந்தா நல்லது. வரலைன்னாலும் ஒரே கொடியில போயிடலாம்."

இளையவள் அவளைப் பார்த்தாள். "அரைக் கிலோ கூட இல்லக்கா அவ. நம்ம ரெண்டு பேரையும் எப்படி இழுப்பா?"

"அதான் நானும் யோசிக்கிறேன். நாளைலேருந்து நீ ராத்திரிச் சோத்தைக் குறைச்சுக்கோ."

"நானா? இடுப்புச் சதை யாருதாம்?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதில் மேல்பெட்டி சரிந்து, வேன் தரையெல்லாம் சாவிகள் கொட்டின. அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேட்டார்:

"அழுவுறாங்களாடா, சிரிக்கிறாங்களா?"

"தெரியலண்ணே" என்றான் தம்பி. "நீ மெதுவாவே போ."